என் அக்கா சிகரெட் பிடித்ததில்லை

என் அக்காவின் கணவரை நான் மன்னிக்கவில்லை. அக்கா மௌத்தான பிறகு உறவுக்காரர்கள் பலர் வீடு தேடி வந்து பேசிப் பார்த்தார்கள். "போனவ போயிட்டா, இருக்கிறவங்க முகம் பாத்துப் பேசிக்க வேணாமா?" என்றார்கள். எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள். என் மனம் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். எங்கள் அத்தா ஆட்டுத்தோல் பதனிடும் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். வீட்டில் ஆட்டுக்கறிக்குக் குறையிருக்காது. அதைச் சமைத்துச் சமைத்தே அக்காவின் கை பழகியது. பேகம்பூரில் அவளைக் கட்டிக் கொடுத்தோம். மச்சானுக்கு அப்போது ஒரு பூட்டுக் கடை இருந்தது, யாவாரம் இல்லாத கடை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்துக்கு அக்கா ஒரு பெரிய தேக்சா நிறைய பிரியாணி போட்டுக் கொடுத்தாள். அதைச் சாப்பிட்டவர்கள் அடுத்த வாரமே ஆள் அனுப்பினார்கள். ஒரு வருஷத்துக்குள் மச்சான் பூட்டுக் கடையை மூடிவிட்டு வீட்டு வாசலில் போர்டு மாட்டினார். 'விறகடுப்பு பிரியாணி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்கு மேலே அவருடைய பெயரைப் போட்டிருந்தார். இரவில் எரிய அதற்குள் விளக்கும் வைத்தார்.

சமையல் நடந்தது வீட்டின் பின்பக்கம். காம்பவுண்டுச் சுவரோடு சேர்த்து எழுப்பிய அறை, மேலே சிமெண்ட் ஷீட். வீட்டுக்குள்ளிருந்து போக ஒரு கதவு, பக்கத்து வீட்டைப் பார்த்து ஒரு ஜன்னல். நத்தத்திலிருந்து புளிய விறகு வரும். வெயில் காலத்தில் பரவாயில்லை. மழைக் காலத்தில் ஈர விறகு எரியாமல் புகையும். அந்த நாட்களில் உள்ளே போனால் அக்கா எங்கே நிற்கிறாள் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் காயப்போட்ட துணியில் கரி படிகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். மச்சான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கொத்தனாரைக் கூட்டி வந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். கதவை விரியத் திறந்து வைத்தாலும் புகை ஹாலுக்கு வருகிறது என்று அதையும் சாத்திக்கொள்ளச் சொல்வார். அக்கா புகைபோக்கி வைக்கச் சொல்லிக் கேட்டாள். நான் இருக்கும்போதே கேட்டாள்.

"மாடி எடுக்கும்போது சேத்துப் பண்ணிக்கலாம்" என்றார்.

"அது வரைக்கும் ஜன்னலயாச்சும் தொறந்து விடுங்க. மூச்சு முட்டுது."

"பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. சும்மா இரு."

மாடி எடுக்கவில்லை. ஹாலுக்கு டைல்ஸ் வந்தது, படுக்கையறைக்கு ஏசி வந்தது. அந்த ஏசி அறையில் அவர் எல்லா ஜன்னலையும் பூட்டிக்கொண்டு டிவி பார்த்தபடி சிகரெட் குடிப்பார். ஒன்றை அணைக்கும்போதே அடுத்ததை எடுக்கும் ஆள். தேக்சாவை இறக்கி முடித்த அக்கா போய்ப் படுப்பதும் அந்த அறையில்தான். "செத்த நேரம் வெளிய போயி குடிங்களேன்" என்று அவள் சொன்னால், "எங்க வீட்டுலயே நான் வெளிய போகணுமா?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கோபக்காரர் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. அதனாலேயே ஊரில் நல்ல பெயர்.

அக்காவுக்கு இருமல் வந்தது. அடுப்படியில் நிற்பவளுக்கு இருமல் வராமல் என்ன என்று எல்லோரும் விட்டுவிட்டோம். மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்தாள். மெலிந்தாள். முதுகு வலிக்கிறது என்றாள். ஊரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, சளியில் கிருமி தெரியாவிட்டாலும் இது காசநோயாகத்தான் இருக்கும் என்று மாத்திரை எழுதினார். மாதக்கணக்கில் அதை விழுங்கினாள். அந்த மாதங்களிலும் ஆர்டர் நிற்கவில்லை. ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது குளியலறையில் அவள் தன் முந்தானையின் ஒரு மூலையை மட்டும் கசக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. மறுநாளே நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளை மதுரைக்குக் கூட்டிப் போனேன். மச்சானும் காரில் ஏறிக்கொண்டார்.

மதுரையில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்து, முடிவு வர இரண்டு வாரம் ஆனது. முடிவு வந்த அன்று அவர் உடனே எதுவும் சொல்லாமல் முதலில் கேள்வி கேட்டார். கேட்டது அக்காவிடம், பதில் சொன்னது மச்சான்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"இல்லங்க டாக்டர். அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது."

அவர் சட்டைப் பையில் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டை. பாக்கெட்டின் நிறம்கூட வெளியே தெரிந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவருதான் குடிப்பாரு, டாக்டர்" என்றேன். "ஏசி ரூம்ல, கதவ மூடிக்கிட்டு. கல்யாணம் ஆன நாளிலேருந்து. எங்கக்கா சமைக்கிறது விறகடுப்புல. அந்த ரூமுக்கு ஜன்னல் இல்ல. இருந்த ஜன்னலையும் இவருதான் செங்கல் வச்சு அடைச்சாரு."

டாக்டர் எழுதிக்கொண்டே, கூரை என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். பழைய சிமெண்ட் ஷீட், ஓரமெல்லாம் உடைந்து தூளாக உதிரும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அக்கா மேஜைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

நுரையீரலில் புற்றுநோய், எலும்புக்கும் பரவியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மச்சான் கேட்ட முதல் கேள்வி, "நான் குடிச்சதாலயா வந்துச்சு?" என்பது.

"இதனாலதான் வந்துச்சுன்னு ஒண்ண மட்டும் கைகாட்ட முடியாது" என்றார் டாக்டர். "புகையே படாதவங்களுக்கும் வருது. ஆனா மூடின அறையில வருஷக்கணக்கா விறகுப் புகை, கூட இருக்கிறவங்க விடுற சிகரெட் புகை, ரெண்டுமே ஆபத்தக் கூட்டும். உடைஞ்ச அந்தக் கூரைத் தூளும் நல்லதில்ல. இனி இவங்க அந்த வீட்டுப் புகையில இருக்கவே கூடாது."

இத்தனையில் மச்சான் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும். காரில் திரும்பும்போது அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "டாக்டரே சொல்லிட்டாங்க, இதனாலதான்னு சொல்ல முடியாதாம்." அக்கா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கொடைரோடு மலையைப் பார்த்தபடி வந்தாள்.

அவளை நேராக என் வீட்டில் இறக்கிக்கொண்டேன். நத்தம் ரோட்டில் எங்கள் வீடு, நாலு பக்கமும் காற்று வரும். என் வீட்டுக்காரர் கொசுவத்தியைக்கூட நிறுத்திவிட்டு வலை வாங்கிக் கட்டினார். அக்காவின் நோய்க்கென்று மாத்திரை ஒன்று இருக்கிறது என்று கொடுத்தார்கள். முகமெல்லாம் பரு வெடித்தது, நகக்கண் புண்ணானது. ஆனால் இருமல் அடங்கியது. மாடிப்படி ஏறினாள். அந்த மாத்திரை அவளுக்கு ஒரு நல்ல வருஷத்தைக் கொடுத்தது.

அந்த வருஷத்தில்தான் ஒரு கல்யாண மண்டபத்தில் தூரத்து உறவுக்காரப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்கக்கா யாருக்கும் தெரியாம பொகையில போடுவாளாமே? பல்லு வெளக்கறதும் பொகையிலப் பொடியிலதானாம். அதான் இப்புடி ஆயிருச்சுன்னாக."

"யாரு சொன்னா?"

"ஒங்க மச்சான்தான். பாவம், கண்ணு கலங்கிச் சொன்னாரு."

என் அக்கா சிகரெட் பிடித்ததில்லை. புகையிலை போட்டதில்லை. வெற்றிலைகூடப் பல் கறையாகும் என்று போடமாட்டாள். பந்தியில் எனக்குச் சோறு வைத்திருந்தார்கள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இவர் ஒருமுறையாவது அந்த அறைக்குள் நிற்க வேண்டும்.

அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும் மச்சான் ஆர்டர்களை விடவில்லை. தாடிக்கொம்பிலிருந்து இரண்டு பெண்களைச் சமையலுக்கு வைத்திருந்தார். ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். அக்காவிடம் முன்பு எடுபிடி வேலை பார்த்தவர்கள்தான், அதனால் என்னைத் தெரியும். தோல் யாவாரி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மச்சான் பெரிய ஆர்டர் பிடித்திருந்தார். அந்த வீட்டில் நல்ல பெயர் வாங்கினால் அந்த வட்டாரம் முழுக்க அவருக்கு வந்துவிடும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் தாடிக்கொம்புக்குப் பஸ் ஏறினேன்.

மூத்தவளுக்கும் இருமல் இருந்தது. "அடுப்படி இருமல் டீச்சர், அது கெடக்கு" என்றாள்.

"எங்கக்காவும் அப்புடித்தான் சொன்னா" என்றேன். டாக்டர் சொன்னதை எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இது எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் சொன்னேன். புகையிலைக் கதையையும் சொன்னேன்.

இளையவளுக்கு முகம் சிவந்தது. "அக்கா வெத்தலகூடப் போட்டதில்லையே. எப்புடி மனசு வந்துச்சு அந்தாளுக்கு" என்றாள். பிறகு கேட்டாள், "நாங்க இப்ப என்ன செய்யணும்?"

"கல்யாணத்தன்னைக்கு மட்டும் போகாதீக."

மூத்தவள் கொஞ்சம் யோசித்தாள். "அன்னைக்கு மட்டும் எதுக்கு? இனிமே போகவே மாட்டோம்" என்றாள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் நான் மச்சான் வீட்டுக்குப் போனேன். அக்காவின் துணிமணி எடுக்க வந்ததாகச் சொன்னேன். அவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். கறி வந்து இறங்கியிருந்தது. சீரகச் சம்பா ஊறிக்கொண்டிருந்தது. ஓரகத்திகள் வரவில்லை, போனில் வேறு யாரும் கிடைக்கவில்லை. கல்யாண நாள், ஊரில் உள்ள சமையல்காரர்கள் எல்லோரும் வேறு மண்டபங்களில் இருந்தார்கள். கடைசியில் தன் தம்பியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கைலியை மடித்துக் கட்டி அவரே உள்ளே போனார்.

மழை பெய்து ஓய்ந்திருந்த வாரம் அது. விறகு ஈரம். தம்பி சீக்கிரமே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தவன் திரும்ப உள்ளே போகவில்லை. மச்சான் உள்ளே இருமிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளித் திறந்தார். நான் வெளியே நின்று அதைத் திரும்பச் சாத்தினேன்.

"ஏ புள்ள, கதவத் தொற. மூச்சு விட முடியல."

"ஹாலுக்குப் பொக வருது மச்சான்."

"ஜன்னல் இல்லாம என்னமா நிக்கிறது இதுக்குள்ள?"

"ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. சும்மா இருங்க."

உள்ளே இருமல் ஒரு கணம் நின்றது. அவருடைய வார்த்தைதான் அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மௌனத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன். வெகுநாளைக்குப் பிறகு அப்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பொய் சொல்வானேன்.

கதவில் தாழ்ப்பாள் போடவில்லை. அவர் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. விறகு அடுக்கின் பின்னால் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார். செங்கல் உடையும் சத்தம் கேட்டது. கல்லெல்லாம் பக்கத்து வீட்டுச் சந்தில் விழுந்தது. புகை அந்தப் பக்கமாகக் குபுகுபுவென்று போனது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அந்த வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள், அவ்வளவுதான்.

நான் துணிப்பையோடு கிளம்பினேன். மண்டபத்துச் சேதியும் வந்து சேர்ந்த பிறகு, சாயந்திரம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சோறு கொழையாம வந்துச்சா?" என்று கேட்டாள்.

"அடி பிடிச்சுப்போச்சாம். மண்டபத்துல பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்களாம்" என்றேன், எரிச்சலோடு.

போர்வையை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த ஜன்னல ஒடைக்கிறதுக்கு எம்புட்டு நேரம் ஆச்சு?" என்றாள்.

"செத்த நேரந்தான்."

அவள் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நான் அவருக்குக் கொடுத்த அடி அவள் மேலும் பட்டது எனக்குப் புரிந்தது. அதற்கும் சேர்த்து அவரைத்தான் நான் வெறுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மச்சான் வந்தார். ஜன்னல் வைத்தாயிற்று, புகைபோக்கிக்கும் ஆள் சொல்லியாயிற்று, அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும், யாரையாவது வைத்துச் சமைத்துக்கொள்ளலாம் என்றார். தோல் யாவாரி வீட்டில் நடந்ததற்குப் பிறகு அவருக்கு ஆர்டர் ஒன்றும் வரவில்லை. அக்கா அவரை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.

"நான் வரல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "தாடிக்கொம்புக்காரிகளுக்கு என் மசாலா அளவ சொல்லிக் குடுக்கப் போறேன். அவுக தனியாக் கடை போடப் போறாக."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்தார். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

"அது நம்ம கடை மசாலா" என்றார்.

"என் கை மசாலா" என்றாள் அக்கா.

சொன்னபடி செய்தாள். ஓரகத்திகள் வாரத்தில் சில நாள் என் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பட்டை எவ்வளவு, பூண்டு எவ்வளவு, தயிர் எப்போது என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். விறகு கூடாது, கேஸ் அடுப்புத்தான், கடைக்கு நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். "விறகுலதான் ருசின்னு எவனாச்சும் சொன்னா, அவனயே வந்து ஊதச் சொல்லுங்க" என்றாள். தாடிக்கொம்பு ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு அவர்கள் கடை ஆரம்பித்தார்கள். முதல் நாள் பிரியாணி ஒரு டிபன் பாக்ஸில் வந்தது. அக்கா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்றாள். பேகம்பூரில் மச்சானின் போர்டு விளக்கு அதற்கடுத்த ரமலானுக்கு முன்பே அணைந்தது. நான் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டிய வேலை இல்லாதபோதும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாத்திரைக்கு நோய் கட்டுப்படாமல் போன பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி மருந்து ஏற்றினார்கள். கடைசி வாரங்களில் அக்காவால் படுக்க முடியவில்லை, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரு நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு போய்விட்டாள். அக்காவைச் சுமந்துபோன சந்தூக்குக்கு மச்சான் தோள் கொடுத்தார். அதை நான் தடுக்கவில்லை. பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்த அந்த உறவுக்காரியிடம் மட்டும் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கக்கா பொகையில போட்டதில்ல. இத நீங்க யார் யாருகிட்ட சொன்னீகளோ அவுகளுக்கும் சொல்லிருங்க" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன் பிறகு மச்சானுக்குப் பயம் வந்துவிட்டது. தானும் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை என்று வந்தது. இத்தனை வருஷம் ஊதித் தள்ளிய நெஞ்சில் ஒன்றும் இல்லை. இதை என்னிடம் சொன்ன உறவுக்காரர் நல்ல செய்தி என்று நினைத்துச் சொன்னார். நான் அன்று பள்ளிக்கூடத்தில் காரணமில்லாமல் பிள்ளைகளைத் திட்டினேன். இந்த நோய் நியாயம் பார்த்து வருவதில்லை என்று மதுரை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கேட்டுத் தெரிந்திருப்பது வேறு, அவர் திடமாகச் சைக்கிளில் போவதைப் பார்ப்பது வேறு.

போன வருஷம் அவர் உம்ரா என்ற புனிதப் பயணம் புறப்பட்டார். போகிறவர்கள் தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் போய், தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மாப்பு கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். என் வீட்டுக்கும் வந்தார். தாடி விட்டிருந்தார். சட்டைப் பையில் பாக்கெட் இல்லை. பக்கத்தில் வந்தபோது வாசனையும் இல்லை. விட்டுவிட்டார் போலிருக்கிறது.

"ஏதாச்சும் மனசுல இருந்தா மாப்பு பண்ணிரு புள்ள" என்றார்.

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"அவ மௌத்தாகுறதுக்கு முந்துன வாரம் கேட்டேன். ஒண்ணும் சொல்லல. கண்ண மூடிக்கிட்டா."

"அப்ப எங்கிட்டயும் அதே பதில்தான்."

என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து தொண்டையைச் செருமினார். மச்சான் வாசல்படி இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டார். கேட்டை அவரே சாத்திவிட்டுப் போனார்.

திரும்பி வந்ததும் எல்லா வீட்டுக்கும் கொடுத்ததுபோல எனக்கும் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினார். தண்ணீரை என் வீட்டுக்காரர் வழக்கப்படி எழுந்து நின்று குடித்தார். பழத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டேன். நான் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.